ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக்

ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக் (சூன் 23, 1859 – மார்ச் 24, 1933) என்பவர் இந்தியாவில் பிறந்து பணியாற்றிய பிரித்தானிய மருத்துவரும் விலங்கியலாளரும் ஆவார். இந்தியக் கடலளவைத் துறையின் இன்வெஸ்டிகேட்டர் என்னும் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவ இயற்கையியலாளராக இருந்த காலத்தில், வங்காள விரிகுடா, அந்தமான் கடல், அரபிக்கடல், மன்னார் வளைகுடா ஆகிய பகுதிகளின் ஆழ்கடல் உயிரினங்களைத் திரட்டி ஆராய்ந்தார். கதிரவன் ஒளி எட்டாத ஆழத்தில் இரை தேடி வாழும் மீன்கள் பலவற்றை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் இவரே. கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1893 முதல் 1906 வரை பணிபுரிந்தார்.

பிறப்பும் இளமையும்

ஆல்காக் மும்பையில் பிறந்தார். தந்தை ஜான் ஆல்காக் ஒரு கப்பல் தலைவர். குடும்பம் பின்னர் இங்கிலாந்தில் குடியேறியது. ஆல்காக் மில் ஹில், பிளாக்ஹீத், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிகளில் பயின்றார். 1876ஆம் ஆண்டில் தந்தைக்கு ஏற்பட்ட பண இழப்பால் படிப்பு பாதியில் நின்றது. பதினேழு வயதில் அவர் வயநாட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த உறவினர்களிடம் அனுப்பப்பட்டார். மலபார்க் காடுகளில் கழித்த அந்த நாட்களில் இயற்கையைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது.

காப்பித் தோட்டத் தொழில் நலிவடைந்ததால் அவர் கல்கத்தாவில் ஒரு தரகு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்நிறுவனமும் விரைவில் மூடப்பட்டது. அதன்பின் 1878 முதல் 1880 வரை, அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டும் முகவராகப் புருலியாவில் வேலை பார்த்தார். அங்கு மருத்துவர் ஒருவரின் நட்பு கிடைத்தது. அவரிடமிருந்து பெற்ற அறிவியல் நூல்கள் ஆல்காக்கின் வாழ்க்கையைத் திசைதிருப்பின. பின்னர் டார்ஜிலிங்கில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகச் சிறிது காலம் இருந்துவிட்டு, உடன்பிறந்தோரின் உதவியுடன் தாயகம் திரும்பினார்.

மருத்துவக் கல்வி

1881இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஆல்காக், 1885இல் பட்டம் பெற்றார். அங்கு விலங்கியல் பேராசிரியர் நிக்கல்சனின் கீழ் பயிற்சி பெற்றது அவருக்குப் பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது. அதே ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லைப்புறப் படைப்பிரிவுகளில் மருத்துவராகப் பணியாற்றினார். 1888இல் கடலளவைத் துறைக்கு மாற்றப்பட்டபோது அவருக்கு வயது 29. படிப்பு இடையில் நின்று, மூன்று தொழில்களில் நிலைகொள்ளாத ஒருவர், தாம் விரும்பிய பணியை அடைவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இன்வெஸ்டிகேட்டர் கப்பல்

ஆழ்கடல் ஆய்வில் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பலின் பயணம் ஒரு திருப்புமுனை ஆகும். ஆயினும் சேலஞ்சர் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி வழியாகவே சென்றது. வங்காள விரிகுடாவுக்கோ அரபிக்கடலுக்கோ அது வரவில்லை. ஆகவே உலகின் ஆழ்கடல் மீன்களைப் பற்றி ஆல்பர்ட் குந்தர் 1887இல் வெளியிட்ட பெரும் நூலில் இந்தியாவைச் சூழ்ந்த கடல்களின் பகுதி ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தது. இந்த வெற்றிடத்தை நிரப்பும் பணி இன்வெஸ்டிகேட்டரின் பங்காக அமைந்தது.

இன்வெஸ்டிகேட்டர், மும்பைக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1881இல் பணிக்கு வந்த, 580 டன் எடையுள்ள மரக் கப்பல் ஆகும். பக்கச் சக்கரங்களைக் கொண்டு நீராவியால் இயங்கியது. துறைமுகங்களையும் கடற்கரைகளையும் அளந்து கடல்வழி வரைபடங்கள் தயாரிப்பதே அதன் முதன்மைப் பணி. உயிரினங்களைச் சேகரிப்பது துணைப்பணி மட்டுமே. கப்பலின் மருத்துவரே இயற்கையியலாளராகவும் இருப்பார். அளவைப் பணிக்கு இடையே கிடைத்த நேரத்தில்தான் ஆழ்கடலில் மடி இறக்க முடிந்தது. ஆல்காக்குக்கு முன் ஜே. ஆம்ஸ்ட்ராங், ஜி. எம். ஜைல்ஸ் ஆகியோர் இப்பதவியில் இருந்தனர்.

ஆய்வு முறை

வானிலை அமைதியாக இருக்கும் மாதங்களில் கப்பல் கடலில் இருக்கும். பருவமழைக் காலத்தில் துறைமுகத்தில் நிற்கும். அந்த மழைமாதங்களை ஆல்காக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் செலவிட்டு, சேகரித்தவற்றை வகைப்படுத்தினார்.

ஆழ்கடலில் மடி இழுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கடலின் ஆழத்தைக் காட்டிலும் கூடுதலான நீளத்திற்குக் கயிறு விடவேண்டும். ஆயிரம் பாக ஆழத்தில் மடியை இறக்கி, இழுத்து, மீண்டும் மேலே கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும் (ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.83 மீட்டர்). அடியில் பாறை இருந்தால் மடி கிழியும். மடி கவிழ்ந்து விழுந்தால் வெறும் சேறே மிஞ்சும்.

மேலே வரும் மீன்களும் நல்ல நிலையில் இருப்பதில்லை. ஆழத்தில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடிக்கொண்டே போகும். 1000 மீட்டர் ஆழத்தில் வாழும் மீன் சுமார் நூறு மடங்கு அழுத்தத்தில் வாழ்கிறது. காற்றுப்பை உள்ள மீன் மேலே இழுக்கப்படும்போது அப்பை விரிந்து, இரைப்பை வாய் வழியே வெளித்தள்ளப்படும். மென்மையான தோலும் செதில்களும் மடியில் உராய்ந்து உரிந்துவிடும். இவ்வாறு சிதைந்த உடல்களைக் கொண்டே ஆல்காக் அவற்றின் வாழ்க்கை முறையை ஊகித்தறிய வேண்டியிருந்தது.

இருளில் வாழும் வேட்டை மீன்கள்

கதிரவன் ஒளி கடலுக்குள் செல்லச் செல்ல மங்குகிறது. சுமார் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கை நடைபெறப் போதிய ஒளி இல்லை. 1000 மீட்டருக்குக் கீழே கதிரவன் ஒளி அறவே எட்டுவதில்லை. தாவரங்கள் வளராத இவ்விருளில், பெரும்பாலும் மேலிருந்து விழும் உயிரினக் கழிவுகளை உண்பவையும் பிற விலங்குகளை உண்பவையுமே வாழ்கின்றன. இரை அரிது, இரையைக் காண்பதும் கடினம். இச்சூழலுக்கு மீன்கள் எவ்வாறு தம்மைத் தகவமைத்துக் கொண்டன என்பதற்கு ஆல்காக் விவரித்த இனங்கள் நல்ல எடுத்துக்காட்டுகள்.

கண்கள்: ஆழ்கடல் மீன்களின் கண்கள் இரு வேறு திசைகளில் மாற்றம் அடைந்துள்ளன. சிலவற்றில் கண்கள் மிகப் பெரிதாகியுள்ளன. ஆல்காக் 1894இல் விவரித்த குளோரோஃப்தால்மஸ் கார்னிகர் என்னும் பச்சைக்கண் மீன் இவ்வகையைச் சேர்ந்தது. மங்கிய ஒளி இன்னும் எட்டுகின்ற ஆழத்தில் அது வாழ்கிறது. வேறு சிலவற்றில் கண்கள் சிறுத்துப் பயனற்றுப் போயின. திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் 430 பாக (சுமார் 787 மீட்டர்) ஆழத்தில் கிடைத்த பெந்தோபாட்டிஸ் மோர்ஸ்பியை என்னும் மின்திருக்கையின் கண்கள் மிகச் சிறியவை. அது குருட்டுத் திருக்கை என்றே அழைக்கப்படுகிறது. 1890இல் விவரித்த டாரெடோஃபிடியம் ஹெக்ஸ்டியை மீனின் கண்கள் தோலுக்கு அடியில் மறைந்துள்ளன. ஒளி சிறிதளவேனும் உள்ள இடத்தில் பெரிய கண் ஆதாயம் தரும். அறவே இல்லாத இடத்தில் அதை வளர்த்துக் காப்பது உடலுக்கு வீண் செலவு. ஆனால் இது பொதுவிதி அன்று. உயிரினங்கள் தாமே உமிழும் ஒளியைக் காண்பதற்காகப் பேராழத்திலும் கண்ணை இழக்காத மீன்கள் உள்ளன.

தொடு உணர்வு: 1889இல் ஆல்காக் விவரித்த பாத்திப்டெரோயிஸ் குந்தரி மீனின் கண்கள் சிறியவை. இதன் மார்புத் துடுப்பின் கதிர்கள் நீண்ட இழைகளாக வளர்ந்துள்ளன. இப்பேரின மீன்கள் வயிற்றுத் துடுப்பையும் வாலையும் முக்காலி போல ஊன்றிக் கடலடியில் நின்று, இவ்விழைகளை நீரோட்டத்தில் விரித்து, மிதந்து வரும் சிறு உயிரிகளை உணர்ந்து பிடிக்கின்றன என்பது, ஆழ்கடலில் இறங்கும் கலங்களிலிருந்து பார்த்த பிறகே, இருபதாம் நூற்றாண்டில் உறுதியானது.

ஒளி உமிழ்தல்: ஸ்டோமியாஸ் நெபுலோசஸ், ஆல்காக் 1889இல் விவரித்த மற்றொரு வேட்டை மீன். ஒடுங்கிய நீண்ட உடலும், கூரிய பற்களும், தாடையின் கீழ் தொங்கும் ஒரு தாடி இழையும் கொண்டது. இவ்வகை மீன்களில் அவ்விழையின் நுனி ஒளிர்ந்து இரையை அருகே ஈர்க்கும். வயிற்றின் இருபுறமும் ஒளியுறுப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. மேலிருந்து வரும் மங்கிய ஒளிக்கு ஈடாக வயிற்றுப்புறம் ஒளிர்வதால், கீழிருந்து பார்க்கும் பகை உயிரிக்கு மீனின் நிழலுரு தெரியாது. ஆகவே ஆழ்கடலில் ஒளி என்பது தூண்டிலாகவும் ஒளிந்துகொள்ளும் போர்வையாகவும் ஒருங்கே பயன்படுகிறது. 1890இல் ஆல்காக் விவரித்த பெந்தோசீமா டெரோட்டம் என்னும் சிறிய விளக்கு மீனும் இத்தகைய ஒளியுறுப்புகளைக் கொண்டது. பகலில் ஆழத்தில் தங்கி இரவில் மேலே வந்து இரை தேடும் இம்மீன், அரபிக்கடலில் மிகப் பெருந்திரளாக வாழ்வது பின்னர் அறியப்பட்டது.

நிறம்: ஆழ்கடல் மீன்களில் பெரும்பாலானவை கருமை நிறம் உடையவை. அங்குள்ள இறால்களும் நண்டுகளும் பெரும்பாலும் சிவப்பு நிறம் உடையவை. செந்நிற ஒளி நீரில் விரைவில் உறிஞ்சப்பட்டு, நீல ஒளியே ஆழத்துக்குச் செல்லும். எனவே மேலே சிவப்பாகத் தெரியும் இறால் அங்கே கருமையாகவே தோன்றும்.

வாயும் வயிறும்: அடுத்த இரை எப்போது வரும் என்பது தெரியாத நிலையில், வந்ததை விடாமல் பிடிப்பதே வாழும் வழி. அகன்ற வாய், உட்புறம் மடங்கும் பற்கள், விரியும் வயிறு ஆகியன இதனால் அமைந்தன. ஆல்காக் 1894இல் விவரித்த லோஃபியோடெஸ் முட்டிலஸ் என்னும் தூண்டில் மீன், தலைமேல் நீண்ட துடுப்பு முள்ளைத் தூண்டிலாக ஆட்டி, இரையைத் தன் பெரிய வாய்க்கு அருகே வரவழைக்கும். துரத்திச் செல்லும் உழைப்பு இதற்கு இல்லை.

ஆல்காக்கின் பிற கண்டறிதல்களில் கூட்டுவாழ்வு பற்றியதும் ஒன்று. மைனஸ் இனெர்மிஸ் என்னும் மீனின் தோல்மீது ஒருவகை நீர்ப்பாலிப்பு எப்போதும் ஒட்டி வாழ்வதை 1892இல் விவரித்தார். திருக்கைகளின் கருப்பையில் உள்ள நுண் இழைகள் குட்டிகளுக்கு ஊட்டம் சுரப்பதை ஜே. வுட்-மேசனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1891இல் வெளியிட்டார்.

மன்னார் வளைகுடாவும் தூத்துக்குடிக் கரையும்

இன்வெஸ்டிகேட்டர் ஆய்வு செய்த கடற்பகுதிகளுள் மன்னார் வளைகுடாவும் ஒன்று. தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஊர்கள் இதன் மேற்குக் கரையில் உள்ளன. இக்கரையோர மக்கள் கடலின் அடித்தளத்தை நெடுங்காலமாக நன்கு அறிந்தவர்கள். ஆனால் அந்த அறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. முத்துக் குளிப்போர் கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி இறங்கிய முத்துப் பார்கள் சுமார் பத்துப் பாக ஆழத்திலேயே இருந்தன. அப்பார்களைத் தாண்டித் தென்கிழக்கே சென்றால் கடலடி சரிந்து, வளைகுடாவின் தென்பகுதியில் 1000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைகிறது. வடக்கே ஆழம் குறைந்த பாக்கு நீரிணையோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

ஆல்காக் கப்பலில் இருந்த அதே ஆண்டுகளில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடி முத்துப் பார்களை ஆராய்ந்து வந்தார். அரசுக்கு வருவாய் தந்த முத்துப் பார்களின்மீது பலரது கவனம் இருந்தது. வருவாய் ஏதும் தராத ஆழ்கடலோ ஒரு கப்பல் மருத்துவரின் ஓய்வு நேரத்துக்கு விடப்பட்டது.

அந்நிலை இன்று மாறிவிட்டது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. மாறாக, ஆழ்கடல் இறால்களைத் தேடி இழுவைப் படகுகள் தூத்துக்குடியிலிருந்தும் கேரளத்தின் கொல்லத்திலிருந்தும் சரிவுப் பகுதிகளுக்குச் செல்கின்றன. அவை கொண்டுவரும் சிவப்பு இறால்களில் ஒன்றான அரிஸ்டியஸ் ஆல்காக்கி, 1938இல் ஆல்காக்கின் நினைவாகப் பெயரிடப்பட்டது. மற்றொன்றான ஹெட்டரோகார்பஸ் வுட்மேசனி ஆல்காக்கே பெயரிட்டது. அவற்றுடன் மடியில் சிக்கும் பச்சைக்கண் மீன்கள் முதலியவற்றுள் பல அவர் விவரித்த இனங்களே. உணவுக்கு அதிகம் பயன்படாத இம்மீன்கள் பெரும்பாலும் மீன்தூளாக அரைக்கப்படுகின்றன. ஆழ்கடல் மீன்கள் பல மெதுவாக வளர்ந்து, காலம் தாழ்த்தி இனம் பெருக்குபவை. ஒருமுறை குறைந்தால் மீண்டு வர நீண்ட காலம் ஆகும்.

அருங்காட்சியகப் பணி

இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த வுட்-மேசன் 1893இல் காலமானதை அடுத்து, ஆல்காக் அப்பதவியை ஏற்றார். வங்காள மருத்துவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1895இல் பாமிர் எல்லை ஆணையத்துடன் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் சென்றார். 1897இல் அபர்தீனைச் சேர்ந்த மார்கரெட் ஃபோர்ப்ஸ் கார்ன்வால் என்பவரை மணந்தார்.

இக்காலத்தில் இவருடைய முக்கிய நூல்கள் வெளிவந்தன. அருங்காட்சியகத்தில் உள்ள இந்திய ஆழ்கடல் மீன்களின் விளக்கப் பட்டியலை 1899இல் வெளியிட்டார். கப்பல் அனுபவங்களையும் ஆய்வு முடிவுகளையும் பொது வாசகர்களுக்காகத் தொகுத்த நூல் 1902இல் வெளிவந்தது. இந்தியாவின் பத்துக்கால் ஓட்டுமீன்கள் பற்றிய பட்டியல் பல பகுதிகளாக வெளியிடப்பட்டது. இன்வெஸ்டிகேட்டர் சேகரிப்புகளுக்கான படத்தொகுதிகளில் உள்ள நுணுக்கமான மீன் ஓவியங்களை வரைந்தவர்கள் சௌத்திரி, மண்டல் முதலிய வங்காள ஓவியர்கள் ஆவர். சிதைந்த உடல்களிலிருந்து மீனின் உண்மை வடிவத்தைக் காட்டிய அவ்வோவியங்கள் இன்றும் இனங்களை அடையாளம் காண உதவுகின்றன.

ஆல்காக் 1901இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1903இல் இந்தியப் பேரரசின் துணைவர் என்னும் விருதைப் பெற்றார். ஆயினும், அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவை மேம்படுத்த அவர் முன்வைத்த கருத்துகளை அரசு பொருட்படுத்தவில்லை. அம்மனக்குறையோடு 1906இல் பதவி விலகி இங்கிலாந்து சென்றார். அவருக்குப் பின் வந்த நெல்சன் அனண்டேலின் தொடர் முயற்சியால், அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவு 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகமாக மலர்ந்தது.

பிற்கால வாழ்க்கையும் மறைவும்

இங்கிலாந்தில் ஆல்காக் இலண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, நோய் பரப்பும் பூச்சிகள் பற்றிக் கற்பித்தார். மருத்துவ அலுவலர்களுக்கான பூச்சியியல் நூலை 1911இல் வெளியிட்டார். வெப்பமண்டல மருத்துவத்தின் முன்னோடியான பேட்ரிக் மேன்சனின் வாழ்க்கை வரலாற்றைப் பிலிப் மேன்சன்-பாருடன் இணைந்து 1927இல் எழுதினார். ஆழ்கடலுக்கு அவர் மீண்டும் செல்லவில்லை. 1933 மார்ச் 24 அன்று கெண்ட் மாவட்டத்தில் காலமானார்.

சேகரிப்புகளின் நிலை

ஒரு மீனினத்தை முதலில் விவரிக்கப் பயன்பட்ட உடல், மூலமாதிரி எனப்படும். ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவே இறுதிச் சான்று. இன்வெஸ்டிகேட்டர் சேகரிப்பின் மூலமாதிரிகள் பல கல்கத்தாவில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி, 1942இல் விலங்கியல் ஆய்வகத்தின் சேகரிப்புகள் வாரணாசிக்கு மாற்றப்பட்டன. 1943இல் வருணா ஆற்றில் ஏற்பட்ட வெள்ளம் அக்கட்டடத்தில் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. போரிலிருந்து காக்க எடுத்துச் சென்றவை நீரில் பாழாயின. இதனால் ஆல்காக்கின் எழுத்து விளக்கங்களும் படத்தொகுதிகளும் கூடுதல் மதிப்புப் பெற்றன.

தொடரும் ஆய்வுகள்

ஆல்காக் எழுப்பிய கேள்விகளுக்குப் பிற்காலக் கருவிகள் புதிய விடைகளைத் தந்துள்ளன. 2019இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஆழ்கடல் மீன் ஒன்றில் மங்கிய ஒளியை உணரும் ஆப்சின் மரபணுக்கள் 38 இருப்பதைக் காட்டியது. மனிதரில் இவ்வகை மரபணு ஒன்று மட்டுமே உள்ளது. 2020இல் வெளியான ஆய்வில், 16 வகை ஆழ்கடல் மீன்களின் தோல், தன்மேல் விழும் ஒளியில் 99.5 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சுவது தெரியவந்தது. தோலில் நெருக்கமாக அடுக்கப்பட்ட நிறமித் துகள்களே இதற்குக் காரணம். மடியில் உராய்ந்து உரிந்த கருந்தோலில் இந்நுட்பம் இருந்ததை ஆல்காக்கின் காலத்தில் அறிய வழியில்லை.

ஆல்காக் 1890இல் நார்செட்டெஸ் என்னும் பேரினத்தை உருவாக்கினார். 131 ஆண்டுகளுக்குப் பின், 2021இல், சப்பானின் சுருகா விரிகுடாவில் 2000 மீட்டருக்கும் கீழே இதே பேரினத்தைச் சேர்ந்த புதிய இனம் ஒன்று கண்டறியப்பட்டது. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமும் 25 கிலோகிராம் வரை எடையும் கொண்ட அம்மீன், அப்பகுதியின் உணவுச் சங்கிலியில் உச்சியில் உள்ள வேட்டை மீன் என்று அறியப்பட்டுள்ளது. நன்கு ஆராயப்பட்ட ஒரு விரிகுடாவிலேயே இத்துணைப் பெரிய மீன் அதுவரை அறியப்படாமல் இருந்தது குறிப்பிடத்தக்கது.